உலக முடிவிலிருந்து விழுந்து எழும் வீரன்: பாத்திர விளையாட்டு விதிகளில் யதார்த்தமும் சுருக்கமும்

இலங்கை மலையகத்தில் ஹோர்ட்டன் சமவெளியின் தெற்கு விளிம்பிலுள்ள உலக முடிவுப் பாறை 850 மீற்றருக்கும் மேலான ஆழத்துக்குச் சரிந்து இறங்குகிறது. பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இன் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை அந்த இடத்துக்குப் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையான விடை கிடைக்கும். உயரத்திலிருந்து விழும் பாத்திரத்துக்குப் பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் உருட்டிச் சேதத்தைக் கணக்கிட வேண்டும். ஆனால் எவ்வளவு உயரமானாலும் இருபது பகடைகளுக்கு மேல் உருட்டக்கூடாது. இருபது பகடைகளின் சராசரி 70 ஆகும். உடலுறுதியைக் குறிக்கும் உடற்கட்டு எண் 16 உள்ள ஒரு போர்வீரன், அனுபவத்தால் உயர்ந்து பன்னிரண்டாம் நிலையை அடையும்போது, அவனிடம் 112 உயிர்ப்புள்ளிகள் இருக்கும்; சேதம் இவற்றிலிருந்துதான் கழிக்கப்படும். ஆகவே அவன் உலக முடிவிலிருந்து குதித்து, பெரும்பாலும் உயிரோடு எழுந்து, பெலிஹுல்ஓயாப் பக்கமாக நடந்துபோய் ஓர் இரவு நன்றாக உறங்கினால், மறுநாள் காலையில் ஒரு கீறலும் இல்லாதவனாக இருப்பான்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடத்துநர் ஒருவர் சொல்லும் உலகத்துக்குள் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று கூறி, ஐயமுள்ள இடங்களில் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் இவ்வகை விளையாட்டில் மிகப் பழைய வாக்குவாதம் இந்த இடத்தில்தான் தொடங்கும். ஒரு தரப்பு, இது யதார்த்தமே இல்லை, இத்தனை உயரத்திலிருந்து விழுந்தவன் செத்தே ஆகவேண்டும் என்று சொல்லும். மறுதரப்பு, உயிர்ப்புள்ளி என்பது சதையும் எலும்பும் அல்ல, அதிர்ஷ்டமும் அனுபவமும் மனவுறுதியும் சேர்ந்த ஒரு சுருக்கக் கணக்கு என்று பதில் சொல்லும். அதிர்ஷ்டமும் மனவுறுதியும் எண்ணூறு மீற்றர் வெற்றிடத்தில் எப்படி உதவும் என்று முதல் தரப்பு திருப்பிக் கேட்கும். இரு தரப்பும் சலித்துப்போகும்வரை இது நீளும்.

யதார்த்தத் தரப்பின் வாதம் தோற்றத்தில் உள்ள அளவுக்கு உறுதியானதல்ல. விழும் உடலின் இயக்க ஆற்றல் உயரத்துக்கு நேர்விகிதமாகவே கூடுகிறது. எனவே பத்து அடிக்கு ஒரு பகடை என்ற விதி, அதைப் பரிகசிப்பவர்கள் எண்ணுவதைவிட இயற்பியலுக்கு நெருக்கமானது. ஆற்றலை விட்டுவிட்டு மோதும் வேகத்தை அளவாகக் கொண்டால், வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாகத்தான் கூடும். காற்றுத்தடையையும் சேர்த்தால் கணக்கு இன்னொரு விதமாக மாறும். இந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் 'டிராகன்' இதழிலேயே 1980களில் விழுதல் சேதத்தைப் பற்றி இயற்பியல் சமன்பாடுகளோடு வாதப் பிரதிவாதம் நடந்திருக்கிறது. இருபது பகடை என்ற உச்சவரம்புக்கு மட்டும் இயற்பியலில் நியாயம் தேட முடியாது. இருநூறு அடியில், அதாவது ஏறத்தாழ 61 மீற்றரில், மனித உடல் இன்னும் வேகம் கூடிக்கொண்டேதான் இருக்கும்.

குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பது, அதே விதியை முதலாம் நிலைப் பாத்திரத்துக்குப் பொருத்தும்போது தெரியும். எட்டு உயிர்ப்புள்ளிகள் மட்டுமே உள்ள ஒருவர் இருபது அடிப் பாறையிலிருந்து குதிப்பதா, சுற்றுவழியே போவதா என்று யோசிக்கையில், இரண்டு பகடைகளின் சராசரியான 7 அவருடைய வயிற்றைக் கலக்கும். அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு விலை இருக்கிறது. அப்போது யாரும் விதியைக் குறைசொல்வதில்லை. 112 புள்ளிகள் உள்ள வீரனுக்கோ விளிம்பில் நின்று யோசிக்க எதுவுமே இல்லை. எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவன் குதிக்கிறான். மேசையிலிருப்பவர்கள் யதார்த்தம் இல்லை என்று முறையிடும்போது, இயற்பியல் பிழையைவிட இந்த வெறுமையைத்தான் பெரும்பாலும் குறிக்கிறார்கள். எந்த விதியும் உலகைச் சுருக்கித்தான் சொல்கிறது. சுருக்காமல் விட்ட நுணுக்கம் ஆடுபவர் முடிவெடுக்கும் இடத்தில் செலவாகிறதா, வேறெங்காவது வீணாகிறதா என்று பார்ப்பதே பயனுள்ள வழி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்த வாக்குவாதம் பாத்திர விளையாட்டுகளை விட மூத்தது. பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த போர்ப்பயிற்சி விளையாட்டைச் செப்பனிட்டு 1824இல் வெளியிட்டார். 1:8000 அளவிலான வரைபடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு படைவகைக்கும் இழப்பைக் கணக்கிடும் அட்டவணைகள், தற்செயலுக்குப் பகடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர் என்று அது மிக நுணுக்கமாக அமைந்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1876இல், வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி அந்த அட்டவணைகளையும் பகடைகளையும் ஒதுக்கிவிட்டு, போர்க்களம் கண்ட நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். நடுவருக்கும் ஆடும் அதிகாரிகளுக்கும் பொதுவான அனுபவம் இருந்ததால் அது நடைமுறைக்கும் ஒத்துவந்தது. குதிரைப்படை சேற்றில் எவ்வளவு வேகத்தில் போகும் என்று அட்டவணையைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை, சேற்றில் குதிரையோட்டியவர்களுக்கு இல்லை.

பாத்திர விளையாட்டின் கதை 1974இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உடன் தொடங்குகிறது. அதன் மையத்திலுள்ள உயிர்ப்புள்ளி, மனித உடலைப் பார்த்து உருவானதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கவசக் கப்பல்களுக்காகத் தாம் எழுதியிருந்த விதிகளிலிருந்து அதை எடுத்ததாக ஆர்னசன் பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரே அடியில் தம் பாத்திரம் இறந்துபோவதை ஆடுபவர்கள் விரும்பவில்லை. கப்பலோ பல குண்டுகளைத் தாங்கிய பிறகே மூழ்கும். ஆகவே உயிர்ப்புள்ளியின் முதல் நோக்கம், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஓடிப்போவதா நின்று போராடுவதா என்று யோசிக்க ஆடுபவருக்கு அவகாசம் தருவது. அந்த வேலையை அது ஐம்பது ஆண்டுகளாகச் செவ்வனே செய்துவருகிறது. காயம் எப்படி இருக்கும் என்று சொல்வது அதற்கு ஒருபோதும் இடப்பட்ட பணியல்ல.

கைகாக்ஸ் 1979இல் எழுதிய நடத்துநர் கையேட்டில் இதை மறைக்கவில்லை. யதார்த்தத்தைப் பின்பற்றும் பள்ளி, விளையாட்டைப் பின்பற்றும் பள்ளி என இரண்டைப் பிரித்துக் காட்டி, தம் ஆக்கம் இரண்டாவதைச் சேர்ந்தது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஆனால் அதற்குள் முதற்பள்ளியும் வளர்ந்திருந்தது. கனடாவில் உருவான 'சிவல்ரி அண்ட் சோர்சரி' 1977இல் இடைக்கால ஐரோப்பியச் சமூகப் படிநிலையையே விதிகளுக்குள் கொண்டுவந்தது. 1978இல் ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் உருவாக்கிய 'ரூன்குவெஸ்ட்', அடி உடலின் எந்த உறுப்பில் விழுந்தது என்பதற்குத் தனிப் பகடையும், ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்புள்ளிகளும் வைத்தது. 1980இன் 'ஆர்ம்ஸ் லோ', இருபது கவச வகைகளுக்கெதிராக ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனி அட்டவணை அச்சிட்டது. அது பின்னர் 'ரோல்மாஸ்டர்' ஆக வளர்ந்தபோது அட்டவணைகளுக்காகவே கேலிக்கும் உள்ளானது. 1986இன் 'பீனிக்ஸ் கமாண்ட்', துப்பாக்கிக் குண்டு உடலுக்குள் எதைத் துளைக்கிறது என்பது வரை இறங்கியது.

இவற்றின் நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரின், இடைக்கால வாட்போரை உடல்வழியே மீட்டெடுத்து ஆடும் ஓர் அமெரிக்க அமைப்பில் பங்கெடுத்தவர். கவசமணிந்து அடிவாங்கிய அனுபவம் அவரிடம் இருந்தது. எழுதியவர்களுக்குத் தெரிந்ததே விதியில் நுணுக்கமாயிற்று, தெரியாதது ஒற்றை வரியாயிற்று. அதனால்தான் இந்த விதிநூல்களில் வாளுக்கும் ஈட்டிக்கும் பக்கம் பக்கமாக வேறுபாடுகள் இருக்க, அட்டைக்கடிக்கும் மண்சரிவுக்கும் மூடுபனிக்கும் ஒன்றும் இருப்பதில்லை. அட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு நண்பர் குழு இந்நூலொன்றை எடுத்துத் தம் ஊரைக் களமாக்கி ஆட முயன்றால் முதலில் தட்டுப்படுவது இந்தச் சமனின்மைதான்.

நுணுக்கம் பயன்படுவதையும் வீணாவதையும் ஒரு சிறிய காட்சியில் காணலாம். தேயிலை மலையின் ஓரத்துக் காட்டிலிருந்து ஒரு சிறுத்தை பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இல் நடத்துநர் ஒரு முறை இருபதுமுகப் பகடையை உருட்டி, பட்டதா இல்லையா என்று பார்த்து, பட்டால் சேதத்தைக் கழிப்பார். 'ரூன்குவெஸ்ட்' இல் தாக்குதலுக்கு ஓர் உருட்டல், தடுப்பதற்கு ஓர் உருட்டல், உறுப்பைக் காண ஓர் உருட்டல், சேதத்துக்கு ஓர் உருட்டல், பிறகு அந்த உறுப்பின் கவசத்தைக் கழித்து, அந்த உறுப்பின் புள்ளியோடு ஒப்பிட வேண்டும். வலக்கை செயலிழந்தது என்று முடிவு வந்தால், அடுத்த சுற்றில் கவ்வாத்துக் கத்தியை இடக்கைக்கு மாற்றுவதா, மரத்தில் சாய்ந்து கத்திக் கூப்பிடுவதா என்று ஆடுபவர் யோசிக்க வேண்டியிருக்கும். அங்கே அத்தனை உருட்டல்களுக்கும் பலன் உண்டு. 'ரோல்மாஸ்டர்' இன் கொடூரக் காய அட்டவணைகளோ பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே பேசுகின்றன: எதிரியின் எந்த எலும்பு எப்படி முறிந்தது என்று ஒரு வரி வாசிக்கப்படும், மேசை ஆரவாரிக்கும், எதிரி ஏற்கெனவே வீழ்ந்திருப்பான். அந்த ஆரவாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பலர் அதற்காகவே அந்த விளையாட்டை ஆடுகிறார்கள். ஆயினும் முடிவெடுப்பதற்கு முன்னால் வரும் நுணுக்கமும் முடிவெடுத்த பின்னால் வரும் நுணுக்கமும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவையல்ல.

காலத்தை அளப்பதிலும் இதே வேறுபாடு இருக்கிறது. கைகாக்ஸின் 1979ஆம் ஆண்டுக் கையேட்டில் சண்டைச் சுற்று ஒன்று ஒரு நிமிடம் நீளும். அந்த ஒரு நிமிடத்தின் பாய்ச்சல்களும் விலகல்களும் ஓர் உருட்டலுக்குள் அடங்கிவிடும். பிற்காலப் பதிப்புகளில் அது ஆறு விநாடியாயிற்று. 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' இல் சுற்று ஒரே ஒரு விநாடி. ஒரு விநாடி என்பது வெறும் பிடிவாதம்போலத் தோன்றினாலும், அங்கே துப்பாக்கியைக் குறிவைக்க ஒரு விநாடியைச் செலவிடுவதா, உடனே சுடுவதா என்பது ஆடுபவரின் கையில் இருக்கிறது. அந்த விதி தன் நுணுக்கத்துக்குரிய விலையை ஈட்டிக்கொள்கிறது. ஆனால் பத்து விநாடி நிகழும் மோதலுக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும் என்பதை ஆடத் தொடங்கும் முன் அறிந்திருப்பது நல்லது.

பலரும் கவனிக்காத இன்னோர் இடத்தில் யதார்த்தம் பற்றிய ஒரு கூற்று ஒளிந்திருக்கிறது. அது பகடையின் வடிவம். ஒற்றை இருபதுமுகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் 5 சதவீத வாய்ப்புடன் சமமாக வரும். மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோ நடுவில் குவியும். 9 முதல் 12 வரையிலான எண்கள் ஏறத்தாழ 48 சதவீதம் வரும், 18 வருவது 216இல் ஒரு முறைதான். மலையேறிப் பழகிய ஒருவருக்கு 5 கூடுதலாகக் கொடுத்து, புதியவர் ஒருவருடன் போட்டிக்கு விட்டால், இருபதுமுகப் பகடையில் புதியவர் அவரை முந்துவது 26 சதவீதம் நிகழும். மூன்று ஆறுமுகப் பகடையில் அதே 5 வேறுபாட்டுக்கு அது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பு, தற்செயலுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்விக்கு, ஒரு வரி விளக்கமும் எழுதாமல், பகடையே விடை சொல்லிவிடுகிறது. கவ்வாத்து வெட்டுவதிலும் கொழுந்து பறிப்பதிலும் இருபது வருடப் பழக்கமுள்ளவரை நேற்று வந்தவர் நான்கில் ஒரு முறை முந்துவார் என்று சொன்னால், தோட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அதே இருபதுமுகப் பகடை, இரவில் மழையில் வழுக்குப்பாறையைக் கடப்பதற்குப் பொருந்தலாம். நுணுக்கத்தை விரும்புபவர்கள் அட்டவணைகளைச் சேர்ப்பதற்கு முன் பகடையை மாற்றிப் பார்த்தால் பாதி வேலை குறையும் என்பது என் எண்ணம்.

இனி நிலப்பரப்புக்கு வருவோம், ஏனெனில் மலையகத்தில் ஆடும் மேசைக்கு வாட்போரைவிட இதுவே பெரிய சிக்கல். ஐந்தாம் பதிப்பின்படி சாதாரண வேகத்தில் ஒரு நாளுக்கு 24 மைல் நடக்கலாம். கடினமான நிலமானால் அதில் பாதி. அறுகோணக் கட்டங்கள் வரைந்த தட்டையான வரைபடத்தில் இதை எளிதாக நகர்த்தலாம். ஆனால் தெமோதரை நிலையத்தில் ரயில் பாதை வளைந்து சுற்றி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே கடந்துபோகிறது; வரைபடத்தில் ஒரே கட்டம், நிலத்தில் இரண்டு உயரங்கள். எதிர்மலையில் விளக்கு எரியும் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, கண்ணால் பார்த்துக்கொண்டே பள்ளத்துக்கு இறங்கி ஏறி அங்கே போய்ச்சேர அரைநாள் ஆகும் ஊரில், மைல் கணக்கு எதையும் சொல்வதில்லை.

இதற்கு மிக எளிய திருத்தம் ஒன்று 1892இலேயே இருக்கிறது. ஸ்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித், மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்று ஒரு கைக்கணக்கைச் சொன்னார். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை உச்சிவரை ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். நடைக்குரிய நேரத்துக்கு மேல் இந்த ஏற்றம் மட்டுமே ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கும். இரண்டே எண்களால் ஆன இந்தச் சுருக்கம், பல பக்க நில அட்டவணைகளைவிட எங்கள் மலைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதற்குப் பிடிபடாததும் உண்டு. மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயா வரையான யாத்திரைக் காலத்தில், விடுமுறை நாள் இரவுகளில் படிகளில் நெரியும் கூட்டம் அந்த நேரத்தை இருமடங்காக்கிவிடக்கூடும். துரத்தப்படும் ஒருவரை அந்தக் கூட்டத்துக்குள் வைத்து ஆடினால், நேரக் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, கூட்டத்தில் மறைவதா முந்துவதா என்ற ஒற்றைத் தேர்வை முன்வைப்பதே போதும்.

சுமையைப் பற்றிய விதிகள் இன்னும் வேடிக்கையானவை. ஐந்தாம் பதிப்பில் ஒருவருடைய வலிமை எண்ணைப் பதினைந்தால் பெருக்கினால் அவர் சுமக்கக்கூடிய இறாத்தல் கிடைக்கும். சராசரி மனிதரின் வலிமை 10. ஆகவே அவர் 150 இறாத்தலை, அதாவது 68 கிலோகிராமை, வேகம் குறையாமல் சுமந்து நடப்பார். கூடையில் கொழுந்துடன் சரிவில் ஏறி நிறுவைக்கு வந்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதற்கு மாற்றாக ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதிக் கூட்டும் பழைய முறைக்குத் திரும்பினால், மேசை கணக்கப்பிள்ளையின் அலுவலகமாகிவிடும். ஜோன் ஹார்ப்பர் 2017இல் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் த டார்க்' இதை வேறுவிதமாகத் தீர்க்கிறது. புறப்படும்போது குறைந்த சுமையா, நடுத்தரமா, நிறைந்த சுமையா என்று மட்டும் ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். உள்ளே என்ன இருந்தது என்பதைத் தேவைப்படும் கணத்தில் சொல்லி, அந்த அளவுக்குள் கழித்துக்கொள்வார். எடையின் யதார்த்தத்தை அது கைவிட்டு, நிறையச் சுமந்தால் வேகமும் மறைவும் போகும் என்ற தயக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. சரிவில் நடப்பவருக்கு அந்தத் தயக்கமே உண்மையானது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த பயணத்தைக் களமாக எடுத்தால், தண்ணீரும் நோயும்தான் எதிரிகள். வாளுக்கு அங்கே வேலையில்லை. ஒரு நாளுக்கு இத்தனை குவளை என்று எண்ணிக் கழிப்பது ஒரு வழி. 2016இல் வெளிவந்த 'த பிளாக் ஹேக்' இன்னொரு வழி சொல்கிறது. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை. பயன்படுத்தும்போது உருட்டி, 1 அல்லது 2 வந்தால் அடுத்த சிறிய பகடைக்கு இறங்க வேண்டும். நான்குமுகப் பகடையிலும் அப்படி வந்தால் பொருள் தீர்ந்தது. எட்டுமுகப் பகடையில் தொடங்கும் தண்ணீர்ப்பை சராசரியாக ஒன்பது முறை வரும் என்று கணக்குப் பார்க்கலாம். சராசரியை அறிந்திருந்தாலும் எந்த உருட்டலில் இறங்கும் என்று தெரியாது. அடுத்த குளம் வற்றியிருக்குமா என்று தெரியாமல் நடப்பவரின் நிலைக்கு, குவளைக் கணக்கைவிட இந்தச் சுருக்கமே நெருக்கமானது.

எதை எண்ணுகிறோம் என்பது எதை முக்கியமாகக் கருதுகிறோம் என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஐந்தாம் பதிப்பில் அன்றாட வாழ்க்கைக்கு ஒற்றை வரிச் செலவு உண்டு: வறியவருக்கு நாளொன்றுக்கு இரண்டு வெள்ளிக் காசு, எளிய வாழ்வுக்கு ஒரு பொற்காசு, செல்வருக்கு நான்கு பொற்காசு. புதையல் தேடும் வீரர்களுக்கு இது சரி. பசியைப் பற்றிய கதை அவர்களுடையதல்ல. 1900ஆம் ஆண்டளவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கதைக்கு இதே சுருக்கத்தைப் பயன்படுத்தினால், கதையின் நடுக்கருவே அந்த ஒற்றை வரிக்குள் மறைந்துபோகும். அக்காலத் தோட்டத்தில் ஒருவருடைய அசைவைக் கட்டுப்படுத்தியது கடன். துண்டு முறையின்கீழ், தொழிலாளி பட்ட கடன் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு, அதைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் மாறிப்போக முடிந்தது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தக் களத்துக்கு விதி எழுதுபவர், பாத்திரத் தாளின் உச்சியில் உயிர்ப்புள்ளி இருக்கும் இடத்தில் துண்டின் தொகையை எழுதலாம். சாண்டி பீட்டர்சன் 1981இல் 'கோல் ஒஃப் க்துல்ஹு' விளையாட்டில் மனநலத்தைப் புள்ளியாக்கி, சண்டையைவிட அச்சமே முக்கியம் என்று ஒரே எண்ணால் சொன்னதும் இதே வகையான இடமாற்றம்தான்.

அப்படி எழுதும்போது, ஒரு நாள் வேலையை எவ்வளவு நுணுக்கமாக்குவது என்ற கேள்விக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோல் அதை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது: முழுப்பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள் வேலை), அவ்வளவுதான். மழை, சரிவு, அட்டை, காய்ச்சல், நிறுவையில் ஈரத்துக்குக் கழித்தது, எல்லாம் அந்த இரண்டில் ஒன்றாகச் சுருங்கும். இந்தச் சுருக்கம் யாருடைய வசதிக்காக ஆக்கப்பட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதையே விதியாக வைத்தால் அந்த அநீதியும் விதிக்குள் வந்து உட்காரும். ஆடுபவர் கையில் விட வேண்டியவை சில தேர்வுகள்: காய்ச்சலோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போவதா, பிள்ளையை அனுப்புவதா, கங்காணியிடம் முன்பணம் கேட்பதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, வின்சென்ட் பேக்கர் 2010இல் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இல் வகுத்தபடி, 6 வரை வந்தால் நடத்துநர் கதையைக் கடினமாக்கலாம், 7 முதல் 9 வரை வந்தால் கேட்டது ஒரு விலையோடு கிடைக்கும், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாகக் கிடைக்கும் என்று வைக்கலாம். எதுவும் கூட்டாமல் உருட்டினால் 36இல் 15 முறை முதலாவதும், 15 முறை இரண்டாவதும், 6 முறை மட்டுமே மூன்றாவதும் வரும். விலையில்லாமல் எதுவும் அரிதாகவே கிடைக்கும் ஓர் இடத்துக்கு இந்தப் பங்கீடு நன்றாகவே பொருந்துகிறது.

மண்சரிவை விளையாட்டில் கொண்டுவருவது வேறுவிதக் கவனத்தைக் கேட்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை நேரில் அறிந்தவர்கள் எந்த மேசையிலும் இருக்கக்கூடும். அங்கே சரிவுக்கு ஒரு பகடை, தப்பிப்பதற்கு ஒரு பகடை என்று உருட்டுவதை நான் செய்யமாட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிலைகளில் வெளியிடுகிறது: விழிப்பாக இரு, வெளியேற ஆயத்தமாகு, வெளியேறு. மழையளவு, மண்ணின் தன்மை, சரிவின் கோணம் எல்லாவற்றையும் அளந்த பிறகு, வீட்டிலிருப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மூன்றாகச் சுருக்கிய விதி இது. 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆபத்து நெருங்குவதைக் காட்ட வட்டத்தைத் துண்டுகளாக வரைந்து ஒவ்வொன்றாக நிரப்புவதுபோல, நடத்துநர் மேசை நடுவில் மூன்று நிற அட்டைகளை வைத்து, மழை பெய்யும் ஒவ்வொரு காட்சி முடிவிலும் அடுத்ததைத் திருப்பலாமா என்று மட்டும் பார்த்தால் போதும். சிவப்பு வந்தபின் யார் பிழைத்தார் என்று பகடை உருட்டத் தேவையில்லை. செம்மஞ்சளில் யார் கிளம்பினார், யார் கிளம்ப மறுத்தார், போக வேறிடம் உள்ளவர் யார் என்பவை மேசையில் பேசித் தீரவேண்டியவை. கிளம்புபவர்களுக்கு மேலே சொன்ன சுமை விதி அப்படியே பொருந்தும். குறைந்த சுமையோடு போனால் விடியுமுன் பாடசாலைக் கட்டடத்தை அடையலாம். நிறைந்த சுமையோடு போனால் நெய்ஸ்மித்தின் கணக்கில் ஒவ்வோர் 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரம் என் சொந்தச் சேர்க்கை, உங்கள் மலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.